அசோகச் சக்கரவர்த்தியும் அயல்நாடுகளும்

வலிமை மிக்க அரசு ஒன்று தன் எல்லைக்கு அப்பாலுள்ள நாடுகளிடத்து எவ்வாறு நடந்துகொள்ளல் வேண்டும் என்பது அரசியலறிஞர் நெடுங்காலமாக ஆராய்ந்துவரும் வினாவாகும். படை கையிலிருக்கும்போதே அதனைச் செலுத்தி அயலாரை அடக்கிவைப்பது நாட்டிற்குக் காவல் என்பார் ஒரு சாரார். அயல்நாட்டில் அநீதி நிகழுமாயின் வலியவன் வாளாவிருத்தல் தகாது, உட்புகுந்து திருத்துதலே கடமை என்பார் மற்றொரு சாரார். பிறர் நாட்டில் படையோடு புகுபவன் எத்துணை நல்ல நோக்கம் உடையவனாயினும் அங்கே அழிவையே விதைக்கின்றான், ஆதலின் அடங்கியிருத்தலே அறிவுடைமை என்பார் வேறொரு சாரார். இவ்வினாவிற்கு ஏட்டில் விடை எழுதினோர் பலர். தம் வாழ்நாளிலேயே இரு வழிகளிலும் நடந்து பார்த்து, ஒன்றை விடுத்து மற்றொன்றைக் கைக்கொண்டு, அதன் காரணத்தையும் தாமே கல்லில் பொறித்துவைத்த வேந்தர் மிக அரியர். அவருள் முதல்வராக வைத்து எண்ணத்தக்கவர் மௌரியப் பேரரசர் அசோகர்.

பௌத்த சமயத்திற்கு அவர் ஆற்றிய தொண்டினைப் பலரும் பலமுறை எழுதியுள்ளனர். இங்கே அவருடைய வாழ்வை ஒரு நோக்கில் மட்டும் காண்போம். படை வலியில் தமக்கு நிகரில்லாதிருந்த ஒரு வேந்தர் அயலாரிடத்து எவ்வாறு நடந்துகொண்டார்? அதனால் விளைந்தது யாது? அவர் சென்ற வழியில் குறைகள் உண்டோ? இவையே நம் ஆராய்ச்சிக்குரியன.

முன்னோர் ஈட்டிய வலிமை

அசோகரின் பாட்டனாராகிய சந்திரகுப்த மௌரியர் கி.மு. 321 அளவில் நந்தர் குலத்தை வீழ்த்தி மகதத்தின் அரியணை ஏறினார். அலெக்சாந்தருக்குப் பின் மேற்காசியாவை ஆண்ட செலூக்கஸ் என்னும் யவன மன்னர் சிந்து நதிப் பகுதிவரை படையுடன் வந்து, இறுதியில் சந்திரகுப்தரோடு உடன்படிக்கை செய்துகொண்டு மீண்டார். அவ்வுடன்படிக்கையால் இன்றைய ஆப்கானிஸ்தானத்தைச் சேர்ந்த காபூல், காந்தகார்ப் பகுதிகள் மௌரியர் வசமாயின. யவனர்க்கு 500 யானைகள் கொடுக்கப்பட்டன. பாடலிபுத்திரத்து வேந்தரிடம் 6,00,000 காலாட்களும் 30,000 குதிரை வீரரும் 9,000 யானைகளும் இருந்தன என்று உரோமானிய ஆசிரியர் பிளினி எழுதிவைத்துள்ளார். அவ்வெண்களில் ஓரளவு மிகை இருக்கலாம். எனினும் அக்காலத்து இந்திய நாட்டில் மௌரியரை எதிர்த்து நிற்கவல்ல படை வேறு இல்லை என்பதில் ஐயமில்லை.

அக்காலத்து அரசியற் கொள்கை எத்தகையது என்பதற்குக் கௌடிலியர் பெயரால் வழங்கும் அர்த்தசாஸ்திரம் சான்றாகும். பல நூற்றாண்டுகள் மறைந்திருந்த அந்நூலை 1909ஆம் ஆண்டில் மைசூரில் சாமசாஸ்திரியார் பதிப்பித்து வெளியிட்டார். அது இயற்றப்பட்ட காலத்தைப் பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டாயினும், பண்டை அரசரின் எண்ணப்போக்கை அது தெளிவாகக் காட்டுகின்றது. அண்டை நாட்டான் இயல்பாகவே பகைவன். அவனுக்கு அடுத்திருப்பவன் நண்பன். வெற்றியை விரும்பும் வேந்தன் தன் வலிமை மிகுந்திருக்கும் காலம் பார்த்துப் பிறர் நாட்டின்மேற் செல்லவேண்டும் என்பது அந்நூலின் போக்கு. வலிமையைப் பயன்படுத்தாது வைத்திருப்பது அதன் கண்ணில் பிழையாகவே தோன்றும். இத்தகைய எண்ணம் நிலவிய அரசவையில் பிறந்து வளர்ந்தவர் அசோகர்.

அவருடைய தந்தையார் பிந்துசாரர். இளவரசராயிருந்த காலத்தில் அசோகர் உச்சயினியில் ஆட்சிப் பொறுப்பு வகித்தார் என்றும், விதிசையில் ஒரு வணிகர் மகளை மணந்து மகிந்தரையும் சங்கமித்தையையும் பெற்றார் என்றும் இலங்கை வரலாற்று நூல்கள் கூறுகின்றன. தட்சசீலத்தில் எழுந்த கலகத்தை அடக்க அவர் அனுப்பப்பட்டார் என்பது வடமொழித் திவ்யாவதானம் தரும் செய்தி. தந்தையார் இறந்தபின் நான்காண்டுகள் கழித்தே அவர் முடிசூடினார். அக்காலம் கி.மு. 268 அளவு என்பர். உடன்பிறந்தார் 99 பேரைக் கொன்று அரசைக் கைப்பற்றினார் என்னும் கதையை அப்படியே நம்புவதற்கில்லை. அவருடைய ஐந்தாம் பாறைச் சாசனத்தில் உடன்பிறந்தாரின் இல்லங்கள் பற்றிய குறிப்பு வருகின்றது. எவ்வாறாயினும், அரசுரிமைக்குப் பூசல் நிகழ்ந்தது என்று அந்நான்காண்டு இடைவெளி எண்ணச் செய்கின்றது.

கலிங்கப் போர்

மகாநதிக்கும் கோதாவரிக்கும் இடைப்பட்ட கடற்கரை நாடாகிய கலிங்கம் முன்னர் நந்தர் ஆட்சிக்கு உட்பட்டிருந்து, பின்னர்த் தனித்து நின்றது. 60,000 காலாட்களும் 1,000 குதிரை வீரரும் 700 யானைகளும் அந்நாட்டிற்கு இருந்தன என்று பிளினி குறிக்கின்றார். மகதத்தின் பெரும்படைக்கு முன் இது சிறியதே. கலிங்கம் மகதத்திற்குத் தீங்கு செய்ததாகவோ, செய்ய முனைந்ததாகவோ எச்சான்றும் இல்லை. தெற்கே செல்லும் பெருவழியும் கடல் வாணிகமும் அந்நாட்டின் கையில் இருந்தமையே படையெடுப்புக்குக் காரணமாகலாம் என்று வரலாற்றாசிரியர் ஊகிக்கின்றனர். அசோகரோ தம் சாசனங்களில் காரணம் எதனையும் கூறவில்லை. வலியவன் எளியவன்மீது பாய்ந்தான் என்பதற்கு மேல் அப்போருக்கு நாம் விளக்கம் கூற இயலாது.

முடிசூடி எட்டாண்டுகள் ஆனபோது, அஃதாவது கி.மு. 261 அளவில், கலிங்கம் வெல்லப்பட்டது. அங்கிருந்து 1,50,000 மக்கள் வேறிடங்களுக்குக் கொண்டுபோகப்பட்டனர். 1,00,000 பேர் போரில் மாண்டனர். அதனினும் பன்மடங்கினர் பிறவாற்றான் இறந்தனர். இக்கணக்கைத் தருபவர் தோற்ற கலிங்கத்தார் அல்லர், வென்ற அசோகரேயாவர். பதின்மூன்றாம் பாறைச் சாசனத்தில் அவரே இதனைப் பொறித்தார். அசோகரைப் பலபடப் புகழும் மகாவம்சம் கலிங்கப் போரைப் பற்றி ஒன்றும் கூறவில்லை. வென்றவர் தம் செயலை மறைத்திருப்பாராயின், அந்நாளில் மாண்ட மக்களை உலகம் அறவே மறந்திருக்கும்.

தம் படையில் இறந்தாரை எண்ணுதல் அரசர் பலர்க்கும் இயல்பு. பகைவர் பக்கத்தில் இறந்தாரை எண்ணி வருந்துதல் அரிது. அசோகர் அதனினும் ஒரு படி மேற்சென்றார். போரில் சிறிதும் ஊறுபடாதவரையும் அவர் கணக்கிற் கொண்டார். பெரியோரைப் பேணியும், தாய் தந்தையர்க்கு அடங்கியும், நண்பரிடத்தும் ஏவலரிடத்தும் நன்முறையில் ஒழுகியும் அந்நாட்டில் வாழ்ந்த இல்லறத்தார், தாம் உயிர் தப்பினும் தம் அன்புக்குரியார் அழிந்தமையால் துயருற்றனர். அத்துயரும் போரின் விளைவே என்று அவர் உணர்ந்தார். மாண்டாருள் நூற்றில் ஒரு கூறோ ஆயிரத்தில் ஒரு கூறோ இனி அழியினும் அது தமக்குப் பெருந்துயரமாகும் என்றும் அறிவித்தார்.

கலிங்கப் போருக்குப் பின் அவர் ஏறத்தாழ 28 ஆண்டுகள் அரசாண்டார். அந்நெடுங்காலத்தில் வேறொரு நாட்டின்மீது அவர் படையெடுத்ததாக அவருடைய சாசனம் எதுவும் கூறவில்லை. அயல்நாடுகளை வெல்லத் தொடங்கும் பருவத்தில், வலிமை சிறிதும் குன்றாத நிலையில், அவர் தம் படையை எல்லையில் நிறுத்தினார். தோல்வியுற்றபின் அடங்குவோர் உலகிற் பலர் உளர். வென்ற களத்திலிருந்தே அடக்கத்தைக் கற்றவர் அசோகர்.

எல்லைப்புறத்தாருக்கு அளித்த உறுதி

படையை நிறுத்தினால் மட்டும் அயலாரின் அச்சம் தீர்ந்துவிடாது. கலிங்கத்திற்கு நேர்ந்தது நாளை நமக்கும் நேருமோ என்று எல்லையிலிருந்த மக்கள் நடுங்கியிருத்தல் இயல்பே. வலியவன் மௌனமாயிருப்பின் எளியவன் அம்மௌனத்தையும் ஐயுறுவான். இதனை அசோகர் நன்கு அறிந்திருந்தார்.

ஒரிசாவில் புவனேசுவரத்தை அடுத்த தௌலியிலும், கஞ்சம் மாவட்டத்து ஜௌகடாவிலும் தோசலி, சமாபா நகர்களின் அதிகாரிகளை நோக்கி அவர் பொறித்த தனிச் சாசனம் ஒன்றுண்டு. வெல்லப்படாத எல்லைப்புறத்தார் அரசரின் உள்ளக்கருத்து யாதோ என்று கலங்குவர் என்பதை அதில் அவரே எடுத்துக் கூறுகின்றார். அவர்கள் தம்மைக் கண்டு அஞ்சவேண்டா, தம்மை நம்பலாம், தம்மிடமிருந்து அவர்களுக்கு இன்பமே அன்றித் துன்பம் வாராது, பொறுக்கத்தக்க பிழைகளைத் தாம் பொறுப்பார் என்று அதிகாரிகள் அவர்களுக்குத் தெளிவாக்கவேண்டும் என்று ஆணையிடுகின்றார். மக்கள் அனைவரையும் தம் மக்களாகக் கருதும் நிலையையும் அங்கே அறிவிக்கின்றார். இச்சாசனத்தைக் குறித்த நாட்களில் மக்கள் கேட்கப் படிக்கவேண்டும் என்றும், ஒருவரே இருப்பினும் அவருக்கும் படித்துக் காட்டலாம் என்றும் ஏற்பாடு செய்தார்.

இவ்வுறுதிமொழி கலிங்க எல்லைக்கு மட்டும் உரியது என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. 1989ஆம் ஆண்டில் கர்நாடகத்தில் பீமா நதிக்கரையிலுள்ள சன்னதி என்னும் ஊரில், ஒரு கோயிலிற் கிடந்த கற்பலகையில் இதே தனிச் சாசனங்கள் காணப்பட்டன. தக்காணத்திலும் இவ்வாணை வழங்கிற்று என்பது அதனால் தெளிவாயிற்று.

தமிழ் வேந்தர் நிலை

அசோகரின் சாசனங்கள் தெற்கே கர்நாடகத்துப் பிரமகிரி, சித்தாபுரம் வரையிலும் ஆந்திரத்து எர்ரகுடி வரையிலும் கிடைத்துள்ளன. அவற்றிற்குத் தெற்கே பேரரசின் எல்லை நெடுந்தொலைவு சென்றதில்லை. இரண்டாம் பாறைச் சாசனத்தில் சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர், தாமிரபரணி என்னும் பெயர்கள் எல்லைக்கு அப்பாற்பட்டனவாக வரிசையாய்க் குறிக்கப்படுகின்றன. தாமிரபரணி என்பது இலங்கை. சத்தியபுத்திரர் யாவர் என்பது பற்றி நெடுநாள் வழக்கிருந்தது. 1981இல் திருக்கோவிலூருக்கு அருகேயுள்ள ஜம்பையில் கண்டறியப்பட்ட பழந்தமிழ்க் கல்வெட்டு, அதியமான் நெடுமான் அஞ்சிக்கு அப்பெயரை வழங்குவதால், தகடூர் அதியர் குலத்தாரே அவர் என்று துணிய இடமாயிற்று.

மோரியர் தேர்ப்படை மலையை வெட்டிய வழியே தென்றிசை நோக்கி வந்த செய்தி சங்க நூல்களில் வருகின்றது. அது எந்த மௌரிய மன்னர் காலத்து நிகழ்ச்சி என்பதில் அறிஞர் ஒருமித்திலர். எனவே மௌரியப் படையின் ஆற்றலைத் தமிழகம் அறியாதிருந்ததன்று. கலிங்கத்தைத் தாக்கிய அப்படைக்குப் பிரமகிரியிலிருந்து காவிரிக்கரை எட்டாத தொலைவுமன்று. அவ்வாறிருந்தும் சோழரும் பாண்டியரும் சேரரும் அதியரும் அசோகர் காலத்தில் தம் நாட்டைத் தாமே ஆண்டனர். அவர்களை அடக்கவேண்டிய பகைவராகவோ, திறை கொடுக்கவேண்டிய சிற்றரசராகவோ அசோகர் தம் கல்லில் எழுதவில்லை. தம் நற்பணிக்கு உரிய அயலாராகவே எழுதினார்.

மருந்தும் தூதும்

அடக்கம் என்பது கைகட்டி வாளாவிருத்தல் என்று சிலர் எண்ணுவர். அசோகர் அவ்வாறு எண்ணவில்லை. மேற்கூறிய நாடுகளிலும், அந்தியோக்கஸ் என்னும் யவன மன்னர் நாட்டிலும், அவருக்கு அண்மையிலுள்ள அரசர் நாடுகளிலும் மக்களுக்கு மருத்துவமும் விலங்குகளுக்கு மருத்துவமும் ஏற்படுத்தியதாக இரண்டாம் சாசனம் கூறுகின்றது. மருந்துச் செடிகளும் வேர்களும் கனிமரங்களும் இல்லாதவிடங்களுக்கு அவை வருவிக்கப்பட்டு நடப்பட்டன. வழிகளில் கிணறுகள் தோண்டப்பட்டன; மரங்கள் வளர்க்கப்பட்டன. தம் குடிகளுக்குச் செய்ததையே தமக்குக் குடிகள் அல்லாதவர்க்கும் செய்ய விழைந்தது அரசியல் வரலாற்றில் புதுமையாகும்.

பதின்மூன்றாம் சாசனம் ஐந்து யவன மன்னரைப் பெயர் சுட்டுகின்றது. சிரியாவில் அந்தியோக்கஸ், எகிப்தில் தாலமி, மாசிடோனியாவில் அந்திகோனஸ், ஆப்பிரிக்காவின் வடகரையில் சைரீன் நகரத்து மகஸ், எபிரஸ் நாட்டிலோ கொரிந்திலோ ஆண்ட அலெக்சாந்தர் என்போர் அவர். அந்நாடுகளிலும் தம் அறநெறி பரவியதாகவும், படையால் வரும் வெற்றியினும் அறத்தால் வரும் வெற்றியே தலையாயதாகவும் அவர் எழுதினார். அவ்வாண்டுகளில் அந்தியோக்கஸும் தாலமியும் தம்முள் பெரும்போர் நிகழ்த்திக்கொண்டிருந்தனர், அது கி.மு. 260 முதல் 253 வரை நடந்தது. அசோகரோ ஒருவர் பக்கம் சாராமல், அவ்விருவரையும் ஒரே வரிசையில் வைத்து எண்ணினார்.

அவருடைய தூதரைப் பற்றி யவன நூல்கள் ஏதும் கூறவில்லை என்பதையும் நாம் மறைத்தல் கூடாது. மருத்துவமும் தூதும் எத்துணைப் பயன் விளைத்தன என்பதற்கு அசோகரின் சொல்லே பெரும்பாலும் சான்றாகின்றது. எனினும் எகிப்து மன்னர் தாலமி தம் தூதராக தயோனிசியஸ் என்பவரை இந்தியாவிற்கு அனுப்பினார் என்று பிளினி எழுதியிருத்தலால், இரு நாடுகளிடையே உறவு நிலவியது தெளிவு. மேலும், பாடலிபுத்திரத்தில் மொக்கலிபுத்த திஸ்ஸர் தலைமையில் கூடிய சங்கத்திற்குப் பின் இமயப் பகுதிக்குச் சென்றவராக இலங்கை நூல்கள் கூறும் தேரர்களின் பெயர்கள், சாஞ்சியிலும் சோனாரியிலும் கிடைத்த தாதுப் பேழைகளில் பொறிக்கப்பட்டுள்ளன. அச்செய்தி வெறுங் கற்பனையன்று என்பதற்கு அது போதிய சான்று.

இலங்கைக்குச் சென்றவர் மகிந்தர். அவரோடு படை செல்லவில்லை. அதற்கு முன்னரே இலங்கை வேந்தர் தேவானம்பிய திஸ்ஸர் அசோகருக்குப் பரிசில்கள் அனுப்பி நட்புக் கொண்டார் என்றும், அசோகரும் முடிசூட்டு விழாவுக்குரிய பொருள்களைப் பதிலுக்கு அனுப்பினார் என்றும் மகாவம்சம் கூறும். மகிந்தரைத் தொடர்ந்து சங்கமித்தை போதிமரக் கிளையுடன் சென்றார். அநுராதபுரத்தில் நடப்பட்ட அம்மரம் இன்றும் வழிபடப்பட்டுவருகின்றது. விரும்பி ஏற்றுக்கொண்ட நாட்டிற்கு வேண்டியதை அனுப்புதலும், வேண்டாத நாட்டில் வலிந்து புகுதலும் வேறு வேறு என்பதை இவ்வரலாறு நமக்குக் காட்டும்.

அவர் வழியில் இருந்த குறைகள்

அசோகரைப் போற்றுவோர் அவர் குறைகளையும் அறிந்திருத்தல் நலம். முதலாவது, துயரம் தந்த அவ்வெற்றியின் பயனை அவர் துறக்கவில்லை. கலிங்கம் மீண்டும் தன்னுரிமை பெறவில்லை. மௌரிய அதிகாரிகளே அதனை ஆண்டனர். ஊர் விட்டுக் கொண்டுபோகப்பட்ட 1,50,000 பேர் திரும்ப அனுப்பப்பட்டதாகவும் செய்தி இல்லை.

இரண்டாவது, போர்த்துயரைக் கூறும் பதின்மூன்றாம் சாசனம் கிர்நார், கால்சி, ஷாபாஸ்கடி, மான்சேரா, எர்ரகுடி ஆகிய இடங்களில் பொறிக்கப்பட்டது. 1963இல் காந்தகாரில் கிடைத்த யவன மொழிக் கல்லிலும் அதன் முற்பகுதி உள்ளது. ஆயின் கலிங்கத்துத் தௌலியிலும் ஜௌகடாவிலும் அதனைக் காணோம். அங்கே அதற்கு ஈடாகத் தனிச் சாசனங்களே உள்ளன. தொலைவிலுள்ள யவனருக்குத் தெரிவித்த கழிவிரக்கத்தை, இழப்புக்கு ஆளான மக்களின் கண்முன் அவர் எழுதவில்லை. புண்ணை மீண்டும் கிளறவேண்டா என்னும் இரக்கமோ, கலகம் எழும் என்னும் அச்சமோ, எது காரணம் என்று நாம் அறுதியிட இயலாது. கலிங்கத்து அதிகாரிகள் மக்களைக் காரணமின்றிச் சிறையிடாமலும் துன்புறுத்தாமலும் இருக்கின்றனரா என்று பார்க்க ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை மேலதிகாரிகளை அனுப்ப அவர் ஏற்பாடு செய்தமை இதனோடு சேர்த்து நினைக்கத்தக்கது.

மூன்றாவது, பேரரசினுள் வாழ்ந்த காட்டுக்குடிகளிடம் அவர் பேசிய முறை வேறு. அவர்களை இணக்கிக்கொள்ளவே விழைந்தாலும், கழிவிரக்கம் கொண்ட நிலையிலும் தம்மிடம் தண்டிக்கும் வலிமை உண்டு என்பதை அவர்களுக்கு நினைவூட்டினார். படையைக் கலைத்ததாகவோ கொலைத் தண்டனையை நீக்கியதாகவோ எங்கும் கூறவில்லை. அத்தண்டனை பெற்றவர்க்கு மூன்று நாள் தவணை அளித்தார். தம் மக்களும் பேரர்களும் புதிய வெற்றிகளை நாடற்க என்று அறிவுறுத்தியபோதும், அவ்வாறு நேருமாயின் பொறுமையும் மென்மையான தண்டனையும் மேற்கொள்க என்று ஒரு வழியைத் திறந்தே வைத்தார். ஆகவே அவருடைய அடக்கம் வாளை எறிந்துவிட்ட துறவியின் அடக்கமன்று; வாளை இடையிற் கொண்டே அதனை உருவாதிருந்த அரசரின் அடக்கமாகும்.

பேரரசு வீழ்ந்தது ஏன்?

அசோகர் கி.மு. 232 அளவில் மறைந்தார். அதன்பின் அரை நூற்றாண்டு செல்வதற்குள் மௌரியப் பேரரசு சிதைந்தது. இறுதி மன்னராகிய பிருகத்ரதரை அவருடைய படைத்தலைவர் புஷ்யமித்திரர் கொன்று அரசைக் கவர்ந்தார். வடமேற்கில் பாக்திரிய யவனர் உட்புகுந்தனர். இதனைக் கொண்டு, அசோகர் போரைக் கைவிட்டமையே நாட்டின் வீரத்தை மழுங்கச்செய்து வீழ்ச்சிக்கு வித்தாயிற்று என்று ஹேமச்சந்திர ராய்சௌதுரி போன்ற அறிஞர் எழுதினர். அக்கூற்றை எளிதில் தள்ளிவிடல் தகாது. வலிய நாடு அடங்கியிருப்பின் பகைவர் துணிவு பெறுவர் என்னும் அச்சம் எக்காலத்தும் எழுவதே.

ஆயினும் சான்றுகளை நோக்குமிடத்து அக்கூற்று வலுவிழக்கின்றது. அசோகர் உயிரோடிருந்தவரையில் அயலார் எவரும் அவர் நாட்டின் எல்லையைப் பறித்ததாகச் செய்தி இல்லை. அவர் படையைக் கலைத்தாரல்லர். ரொமிலா தாப்பர் 1961இல் வெளியிட்ட ஆராய்ச்சி நூலில், வீழ்ச்சியின் காரணங்களை வேறிடத்தில் தேடவேண்டும் என்று நிறுவினார். எல்லா அதிகாரமும் பாடலிபுத்திரத்திலுள்ள ஓர் அரசரின் கையில் குவிந்திருந்தது. அதிகாரிகளின் பற்று அரசரைச் சார்ந்ததேயன்றி நாட்டைச் சார்ந்ததன்று. திறமையற்றவர் அரியணை ஏறியபோது அக்கட்டுக்கோப்பு நிலைகுலைந்தது. மேலும், இடைவிடாது போர் செய்த அலெக்சாந்தரின் பேரரசு அவர் இறந்தவுடனே துண்டுபட்டதை நாம் அறிவோம். படையெடுப்பு நிலைபேற்றைத் தருமாயின் அது முதலில் அங்கன்றோ நிலைத்திருக்கவேண்டும்?

கலிங்கத்தின் பின்வரலாறு இதனினும் கருதத்தக்கது. மௌரியர் வலி குன்றியதும் அந்நாடு தன்னுரிமை பெற்றது. தௌலிக்கு அணித்தாகவுள்ள உதயகிரிக் குன்றின் ஹாதிகும்பாக் கல்வெட்டு, கலிங்க வேந்தர் காரவேலர் மகதத்தின்மேற் படைகொண்டு சென்று, முன்னொரு நந்த மன்னர் கவர்ந்து சென்றிருந்த சினர் திருவுருவை மீட்டுவந்ததாகக் கூறுகின்றது. படையால் கொண்டது படையாலேயே போயிற்று. மற்றொரு புறம், மௌரியப் படைவீரன் ஒருவனும் காலடி வையாத இலங்கையில், மகிந்தரின் வருகை 2,200 ஆண்டுகளுக்கு மேலாகியும் ஆண்டுதோறும் நினைவுகூரப்படுகின்றது. அசோகர் ஆட்சிக்கு உட்படாத காஞ்சி மாநகருக்கு 7ஆம் நூற்றாண்டில் வந்த சீன யாத்திரிகர் யுவான் சுவாங், அசோகர் எடுப்பித்ததாகச் சொல்லப்பட்ட 100 அடி உயரமுள்ள தூபி ஒன்றைக் குறித்துள்ளார். அடக்கி ஆண்ட நாடு அவர் குலத்தைவிட்டு நீங்கியது. அடக்காது விட்ட நாடுகள் அவர் பெயரைப் போற்றிவைத்தன.

நாம் அறியவேண்டியது

அசோகரின் எழுத்தைப் படிக்கவல்லார் இல்லாது பல நூற்றாண்டுகள் கழிந்தன. 1837இல் ஜேம்ஸ் பிரின்ஸெப் அவ்வெழுத்தின் மறைவை நீக்கினார். 1915இல் மாஸ்கியில் கிடைத்த சாசனம் பியதசி என்னும் வேந்தரே அசோகர் என்பதை உறுதிசெய்தது. 1950ஆம் ஆண்டு சனவரி 26ஆம் நாள் அவருடைய சாரநாத்துச் சிங்கத் தூண் இந்தியக் குடியரசின் இலச்சினையாயிற்று. இலச்சினையை ஏற்பது எளிது. அதனை நிறுவியவர் எடுத்துக்கொண்ட அரசியல் நெறியை ஏற்பதே அரிது.

யவன மொழியில் அசோகரின் கழிவிரக்கம் பொறிக்கப்பட்ட காந்தகார் நகரம் அண்மைக் காலத்தில் இரு பெருவல்லரசுகளின் படைகளைக் கண்டது. சோவியத் படை 1979இல் ஆப்கானிஸ்தானத்திற் புகுந்து 1989இல் வெளியேறியது. அமெரிக்கப் படை 2001இல் புகுந்து 2021இல் வெளியேறியது. இரண்டும் தத்தமக்குத் தக்க காரணங்களைக் கூறின. அவற்றுள் சில நியாயமானவையுமாம். எனினும் அந்நாட்டு மக்கள் இழந்த உயிர்களுக்கு அக்காரணங்கள் ஈடாகவில்லை.

அயல்நாட்டில் கொடுமை நிகழும்போது நாம் ஒன்றும் செய்யலாகாதோ என்னும் வினா அதனால் மறைந்துவிடாது. அசோகர் வாழ்வு அதற்கு முழு விடை தருகின்றது என்று கூறுவது மிகையாகும். ஆனால் அவ்வினாவை எழுப்பும் வல்லரசு ஒவ்வொன்றும் முதலிற் செய்யவேண்டியவை சிலவற்றை அவர் காட்டிச் சென்றார். படை செல்லுமுன், அங்கே மாளப்போகும் பிறநாட்டாரையும், மாளாது துயருறப்போகும் அவர்தம் சுற்றத்தாரையும் கணக்கிற் கொள்ளவேண்டும். அடங்கியிருப்பின், அவ்வடக்கத்தை எளியவர் நம்பும்படி வெளிப்படையாக உறுதிகூறவேண்டும். உதவ விரும்பின், மருந்தும் நிழலும் நீரும் அறிவும் படையின்றியே எல்லை கடக்கும் என்பதை நினைக்கவேண்டும். செய்த பிழையைத் தன் பெயராலேயே எழுதிவைக்கும் துணிவும் வேண்டும். அதனைத் துன்புற்றவர் கண்முன்னேயே எழுதுதல் அசோகரும் எய்தாத உயர்நிலை. அந்நிலையை எய்துதல் அவருக்குப் பின் வந்த வலியவர்க்கு உரிய கடமையாக இன்றும் எஞ்சி நிற்கின்றது.